பிழைத்து வந்தது குற்றமா?



இந்தப் பகுதியில் இதுவரை இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, மருந்து அடிக்கும்போது கையுறை போடுவது என்று உடம்பைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை உடம்பில் தெரியாத ஒரு காயத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. "டிரஸருக்கு மனசைப் பற்றி என்ன தெரியும், மாத்திரை கொடுக்கிற வேலையைப் பார்க்கட்டும்" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரியாத காரணத்தால் நான் செய்த ஒரு தவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த நாள். பினாங்கிலும் கெடாவில் கோலா மூடாவிலும் கடலோரத்தில் இருந்தவர்களை அலை அடித்துக்கொண்டு போனது. நம் நாட்டில் மட்டும் 68 பேர் இறந்தார்கள். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்த இளவட்டம். எங்கள் தோட்டம் கடலிலிருந்து வெகுதூரம். ஆகவே சுனாமியால் எனக்கு ஒரு நோயாளி வருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

வந்தார். எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தா. மகள்தான் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். "ஐயா, அப்பா மூணு நாளா சோறு தொடல. டிவி முன்னாலயே உக்காந்திருக்காரு. பிள்ளையப் பறிகொடுத்த அம்மா ஒருத்தி அதுல அழுதா, இவரும் கூட சேர்ந்து அழறாரு. ராத்திரியில தூங்காம லயத்து வாசல்ல நடக்கறாரு. நம்ம ஆளுங்க யாரும் அங்க இல்லையேப்பான்னு சொன்னா, என்னை முறைக்கிறாரு."

இரத்தக் கொதிப்பு பார்த்தேன், நாடி பார்த்தேன், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தேன். எல்லாம் அந்த வயதுக்குச் சரியாகவே இருந்தது. சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மறுபடி வந்தார். நாலாவது தடவை வந்தபோது கிளினிக்கில் வேறு ஆள் இல்லை, வெளியே நல்ல மழை. அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

தாத்தா சயாமுக்குப் போனவர். 1943-இல் அவருக்கு இருபது வயது, தம்பிக்குப் பதினேழு. தோட்டத்தில் பெயர் எழுதினார்கள். எழுதிய பட்டியலில் இவர் பெயர்தான் இருந்தது, தம்பியின் பெயர் இல்லை. "நான்தான் வாடான்னு கூப்பிட்டேன், தம்பி. ரெண்டு பேரா போனா தொணையா இருக்கும்னு நெனச்சேன். மூணு மாசத்துல திரும்பிடலாம்னு சொன்னானுங்க." (என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அவர் யாரை நினைத்திருப்பார் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.)

சாமான் ஏற்றும் ரயில் பெட்டியில் நாள் கணக்கில் நின்றுகொண்டே பான் போங் வரை போய், அங்கிருந்து காட்டுக்குள் கால்நடை. மழைக்காலம் தொடங்கியதும் வாந்திபேதி. தம்பி விழுந்துவிட்டான். கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மறுநாள் விடியற்காலை மற்றவர்கள் அடுத்த கேம்ப்புக்கு நடக்க வேண்டும் என்று உத்தரவு. இவர் கொட்டகைக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். தம்பி தண்ணீர் கேட்டிருக்கிறான். இவரிடம் தண்ணீர் இல்லை. தம்பியின் கம்பளியையும் சோற்று டின்னையும் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

"அவனுக்கு இனிமே வேணாம்னு நெனச்சு எடுத்தேன். ஆனா அவன் கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. நான் எடுக்கறத அவன் பார்த்தான்."

1946-இல் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது தாயார் வாசலில் நின்று, "சின்னவன் எங்கடா?" என்று கேட்டிருக்கிறார். "வேற கேம்ப்ல இருக்கான், வந்துடுவான்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் சாகும்வரை சின்னவனுக்காகக் காத்திருந்தார். செத்தவனாக ஒப்புக்கொண்டால்தானே கருமாதி செய்ய முடியும்? ஆகையால் கருமாதியும் கிடையாது. அறுபது வருஷமாக இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை.

சயாம் மரண ரயிலைப் பற்றி இளைய தலைமுறைக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பள்ளிப் பாடத்தில் இரண்டு வரியோடு போய்விடுகிறது. சயாமில் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவில் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பான்காரன் தண்டவாளத்தை இணைத்து முடித்தான். நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் வேலை செய்து, 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. 80,000-லிருந்து 100,000 வரை என்று மதிப்புப் போடுகிறார்கள். அவர்களில் மலாயாவிலிருந்து போனவர்கள் பெரும்பாலும் நம் தோட்டத்துத் தமிழர்கள். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேர், பெரும்பாலோர் தனித்தனிக் குழியில், கிடக்கிறார்கள். நம்மவர்களுக்கு அப்படி ஆளுக்கொரு குழியும் இல்லை, பெயர் வெட்டிய கல்லும் இல்லை.

கைதிகளுடன் அவர்களுடைய இராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு வைத்தியம் என்று சொல்லிக்கொள்ள அனேகமாக ஒன்றுமில்லை. சில தோட்டங்களிலிருந்து டிரஸர்களும் போயிருக்கிறார்கள். கையில் மருந்து இல்லாத டிரஸர் வாந்திபேதிக் கொட்டகையில் என்ன செய்திருப்பார் என்று நான் பல இரவு யோசித்ததுண்டு. அது போகட்டும்.

தாத்தா இத்தனையும் சொல்லி முடித்ததும் நான் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? "அது அந்தக் காலம் தாத்தா. நீங்க என்ன செய்ய முடியும்? மறந்துடுங்க."

அவர் கோபப்படவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "மறக்கச் சொல்றதுக்கு நீங்க யாரு தம்பி?" என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் நான் படிக்கத் தொடங்கினேன். ஐரோப்பாவில் ஹிட்லரின் முகாம்களிலிருந்து பிழைத்து வந்த யூதர்களுக்கு அமெரிக்காவில் வைத்தியம் பார்த்த நீடர்லாண்ட் என்ற மனநல டாக்டர், 1960-களில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உயிரோடு வந்துவிட்டோம் என்ற சந்தோஷம் இருக்க வேண்டியவர்களுக்கு, 'நான் மட்டும் ஏன்?' என்ற கேள்வி பல வருஷம் கழித்தும் தூக்கத்தைக் கெடுத்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களிடமும் இதுவே இருந்ததாக லிஃப்டன் என்பவர் எழுதினார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டில், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் என்று ஒன்றைச் சேர்த்தபோது, மற்றவர்கள் சாகத் தான் பிழைத்த குற்ற உணர்வையும், பிழைப்பதற்காகச் செய்த காரியத்தைப் பற்றிய குற்ற உணர்வையும் அதன் அடையாளங்களில் ஒன்றாக எழுதினார்கள். கம்பளியும் சோற்று டின்னும் அந்த இரண்டாவது வகை.

மூன்றாவது ஒன்றும் உண்டு. காப்பாற்றியிருக்கலாமே, நான் அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்பது. தோட்டங்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். நடந்து முடிந்த பிறகு எல்லாம் தெளிவாகத் தெரியும். நடக்கும்போது ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் பிழைத்தவர், முன்கூட்டியே தெரிந்திருந்தும் சும்மா இருந்துவிட்டதைப் போலத் தன்னைத்தானே விசாரணைக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறார். வக்கீல் இல்லாத கூண்டு அது.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். தாத்தா கதை நடந்து ஆறேழு வருஷம் கழித்து, வேறொரு தோட்டம். பெயர் வேண்டாம். விடியற்காலை பெரட்டு முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போன லோரி, மழையில் மேட்டுச் சாலையில் பிரேக் பிடிக்காமல் உருண்டது. மூன்று பெண்கள் இறந்து போனார்கள். பிழைத்தவர்களில் ஒரு அக்கா, நெற்றியில் நாலு தையலோடு தப்பினார். அவர் வழக்கமாக லோரியின் பின்பக்கத்தில் உட்காருகிறவர். அன்று இடுப்பு வலி என்று சொல்லி, முன்பக்கம் இருந்த கூட்டாளியிடம் இடம் மாற்றிக்கொண்டார். பின்பக்கம் போன கூட்டாளிதான் முதலில் செத்தவர்.

தையல் போட்டவன் நான். இரண்டு நாள் மருத்துவ விடுப்பு எழுதினேன். பத்து நாள் கழித்து வந்து, "ஐயா, தூக்கம் வரல, நெஞ்சு அடைக்குது, லோரி சத்தம் கேட்டா கை கால் உதறுது" என்றார். தூக்க மாத்திரை கொடுத்தேன். இன்னும் கொஞ்ச நாளில் மறுபடி வந்தார். மறுபடி கொடுத்தேன். "ஆண்டவன் உங்களைக் காப்பாத்திட்டான் அக்கா, சந்தோஷமா இருங்க" என்றும் சொல்லி அனுப்பினேன். அந்த வார்த்தை நல்லது என்றுதான் அன்று நினைத்தேன். அப்படியானால் ஆண்டவன் தன் கூட்டாளியை ஏன் கைவிட்டான் என்று அவர் மனம் கேட்டிருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

லயத்தில் வேறு வகை வார்த்தைகள். "கொடுத்து வச்சவ" என்பார்கள் சிலர். "அவளுக்கு வந்தத இவ மேல தள்ளிட்டா" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்களாம். இறந்தவரின் மாமியார் இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு குழாயடிக்குப் போவதையும் நிறுத்தினார். மூன்றாவது மாதம் ஒரு நாள் தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தார். பக்கத்து வீட்டு இந்தோனேசியப் பெண் ஏதோ கேட்க வந்தவர், பார்த்துக் கூச்சல் போட்டதால் பிழைத்தார்.

இரண்டாம் தடவை பிழைத்தார் என்று எழுத வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் நானும் கூடப் போனேன். என் மாத்திரைகள் அவருக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பேரதிர்ச்சி நடந்த முதல் ஒரு மாதத்துக்குள், பதற்றத்துக்கென்று அந்த வகைத் தூக்க மாத்திரைகளைக் கொடுக்கக்கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது இரண்டு வருஷம் தாமதமாக வந்த புத்தி. உங்கள் தோட்டத்து டிரஸர் இன்றைக்கும் கேட்டவுடன் தூக்க மாத்திரை அள்ளிக் கொடுத்தால், "வேறு வழி உண்டா?" என்று தயங்காமல் கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள். சம்சுவும் அதே கதைதான். அன்று ராத்திரி தூங்க வைக்கும், நாலு மணிக்கு எழுப்பிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி காட்டும்.

ஆஸ்பத்திரியில் அந்த அக்காவுக்கு ஒரு பெண் மனநல ஆலோசகர் கிடைத்தார். அவர் செய்த காரியத்தை நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தாளில் ரொட்டி சானாய் அளவுக்கு ஒரு வட்டம் போடச் சொன்னாராம். "இந்த விபத்துக்கு யார் யார், எது எது காரணம்? ஆளுக்கு ஒரு துண்டு வெட்டுங்கள்." அக்கா பேனாவை வாங்கி முழு வட்டத்திலும் தன் பெயரை எழுதினாராம். ஆலோசகர் மறுக்கவில்லை. 'அது உங்கள் தப்பு இல்லை' என்றுகூடச் சொல்லவில்லை. "லோரி பிரேக் எப்படி இருந்தது?" என்று கேட்டார். ஒரு வாரம் முன்னாலேயே டிரைவர் பிரேக் சரியில்லை என்று பட்டறையில் சொன்னது அக்காவுக்குத் தெரியும். அதற்கு ஒரு துண்டு. பார்த்துவிட்டுச் சரிசெய்யாமல் ஓட்டச் சொன்னவருக்கு ஒரு துண்டு. ஆட்களை அளவுக்கு மேல் ஏற்றியதற்கு ஒரு துண்டு. கல் போடாத சாலைக்கு, மழைக்கு, அத்தனை அவசரமாகப் போகச் சொன்ன மண்டோருக்கு. எல்லாம் வெட்டிய பிறகு இடுப்பு வலிக்காக இடம் மாறியதற்கு மிஞ்சியது ஒரு கோடு. அந்தக் கோட்டையும் அவர் அழிக்க விடவில்லையாம். "அது எனக்கு இருக்கட்டும் அம்மா" என்றாராம். இருக்கட்டும். ஆனால் ஒரு கோட்டைச் சுமப்பதும் முழு ரொட்டியைச் சுமப்பதும் ஒன்றல்ல.

தோழர்களே, இந்த இடத்தில்தான் என் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். பிழைத்தவரின் குற்ற உணர்வு அவர் வீட்டு விஷயம் மட்டுமல்ல, தொழிற்சங்க விஷயமும்கூட. பிழைத்தவர் முழுப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டால், பிரேக்கைப் பார்க்காமல் விட்டவருக்கு ஒரு துண்டும் மிஞ்சாது. விபத்து நடந்த மறுநாளே, காயக்கட்டோடு படுத்திருக்கும் ஆளிடம் வந்து வாக்குமூலம் எழுதி வாங்குகிறார்கள். அந்த நேரத்தில் அந்த ஆள், "நான்தான் காரணம்" என்று எதற்கும் கையெழுத்துப் போடுவார். மனம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே கிளைச் செயலாளர்களுக்கு என் வேண்டுகோள், சங்கத்து ஆள் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அப்படிப்பட்ட வாக்குமூலம் எதற்கும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

நம் நாட்டில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை இது. வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்று ஒரு சுரங்கத் தொழிலாளர் ஊர். 1966 அக்டோபர் 21, காலை மணி 9.15. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து அள்ளி மலைமேல் கொட்டி வைத்திருந்த கழிவு மண், மழையில் ஊறிச் சரிந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 பிள்ளைகள், பெரியவர்கள் 28 பேர், ஆக 144 உயிர்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏழிலிருந்து பத்து வயதுக்குள். இறந்தவர்களின் அப்பாக்களே மண்வெட்டியோடு ஓடிவந்து தோண்டினார்கள். அவர்களுக்குத் தோண்டுவதுதானே தொழில்.

பிழைத்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? தெருவில் விளையாடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டு அம்மா பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்ததாகப் பெரியவர்களான பிறகு சிலர் சொல்லியிருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை, உயிரோடு இருப்பதற்காக வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டது. 33 வருஷம் கழித்து, பிழைத்தவர்களில் ஒரு பகுதியினரை டாக்டர்கள் தேடிப்பிடித்துப் பரிசோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தப் பேரதிர்ச்சி நோய் வந்திருந்தது. பத்துக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு அப்போதும் இருந்தது.

அங்கே பழி யாருடையது என்பதை மட்டும் விசாரணை மன்றம் பூசி மெழுகாமல் எழுதியது. 1967-இல் வந்த அறிக்கை, பொறுப்பு தேசிய நிலக்கரி வாரியத்துடையது என்றது. அதற்கு முன்னமேயே, மரண விசாரணையில் எழுந்து நின்ற ஒரு தந்தை, தன் பிள்ளையின் சாவுக்குக் காரணம் 'நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டது' என்று எழுதச் சொல்லிக் கத்தினார். ஆனாலும் வாரியத்தில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. அது மட்டுமா, மிச்சமிருந்த மண்மேடுகளை அகற்றும் செலவுக்கு, இறந்தவர்களின் குடும்பங்களுக்காக ஊர் உலகம் அனுப்பிய நிதியிலிருந்தே 150,000 பவுனை எடுத்துக்கொண்டார்கள். 1997-இல்தான் அது திரும்பி வந்தது, வட்டி இல்லாமல். அந்த அப்பா கத்தினாரே, அந்தக் கத்தலில் ஒரு வைத்தியம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அன்று காலை பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது யார் என்று அவர் தன்னையும் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

சரி, நாம் என்ன செய்யலாம்? விபத்தோ வெள்ளமோ நிலச்சரிவோ, எதிலிருந்து தப்பி வந்தவராக இருந்தாலும் முதலில் வேண்டியது சோறு, உலர்ந்த துணி, படுக்க இடம், தன் மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற சேதி. பேச்சு அதற்குப் பிறகு. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று வருகிறவர் போகிறவர் எல்லாரும் தோண்டிக் கேட்கக்கூடாது. துக்கம் விசாரிக்கிறோம் என்று சொல்லி நம் ஆட்கள் செய்கிற இந்தக் காரியத்தை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், வந்து சேரும் ஒவ்வொரு சொந்தக்காரரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவராகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுங்கள். அதுவும் உதவிதான்.

பேசும்போது வாதாடாதீர்கள். 'உன் மேல தப்பே இல்ல' என்று அடித்துச் சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார், எண்ணம் மூடிக்கொள்ளாது. "அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டுப் பாருங்கள். கோபம், எரிச்சல், கெட்ட கனவு, சாப்பாடு இறங்காமை, நடந்த இடத்துப் பக்கம் போக மறுப்பது, பிள்ளைகள் படுக்கையில் மூத்திரம் போவது, அம்மாவை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொள்வது, இவையெல்லாம் முதல் சில வாரங்களில் வருவது இயற்கை. பெரும்பாலோருக்குச் சொந்த பந்தம் பக்கத்தில் இருந்தால் தானாகத் தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் தணியாவிட்டால், அல்லது 'நானும் போயிருக்கலாம்' என்ற பேச்சு வந்தால், அதே நாளில் கிளினிக்குக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப் போங்கள். அந்தப் பேச்சு ஒரு நாளும் வெறும் பேச்சு இல்லை. தற்கொலை நினைப்பு இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் வராது.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்கிற வழக்கம் நம்மிடம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவை 2023-இல் எடுத்துவிட்டார்கள். இனி அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம் மட்டும்தான். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்ற தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க' என்ற கேலியையும் இனி விட்டுவிடலாம். 1911-இலிருந்து அந்த ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லிச் சிரித்தே நாம் எத்தனையோ பேரைக் கிளினிக் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம். கை போனால் பெர்கெசோ பாரம் நிரப்ப ஓடுகிறவர்கள், இதற்கு ஒரு நாள் லீவு கேட்கக் கூசுகிறோம்.

இன்னொன்று. இப்போது நம் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். கூட வந்தவன் செத்தால், அவனுடைய ஊருக்குப் போன் போட்டுச் சேதி சொல்ல வேண்டியவனும் இவன்தான். "நீதானே கூட்டிட்டுப் போன?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்கள். சயாமிலிருந்து திரும்பிய நம் தாத்தாமார் வாசலில் கேட்ட அதே கேள்வி. அவனை லயத்தில் தனியாக விட்டுவிடாதீர்கள். அந்த அக்காவைக் காப்பாற்றியது ஓர் இந்தோனேசியப் பெண் என்பதையும் மறக்க வேண்டாம்.

தாத்தாவைப் பாதியில் விட்டுவிட்டேன். 'மறக்கச் சொல்றதுக்கு நீங்க யாரு' என்று கேட்டுவிட்டுப் போனவர், பிறகும் வந்துகொண்டுதான் இருந்தார். நான் எதுவும் சொல்லாமல் கேட்கப் பழகிக்கொண்டேன். ஒரு நாள், மகளிடம் சொல்லலாமா என்று என்னைக் கேட்டார். சொல்லுங்கள் என்றேன். சொல்லியிருக்கிறார். மகள் வந்து என்னிடம் ஒரு பாட்டம் அழுதார். அப்பா செய்ததற்காக அழவில்லை, இத்தனை வருஷம் தீபாவளிக்கு அப்பா ஏன் புதுத்துணி கட்டவில்லை என்பது இப்போதுதான் தெரிந்ததே என்று அழுதார்.

2005 ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் தம்பிக்குக் காரியம் செய்தார்கள். அறுபத்திரண்டு வருஷம் தாமதம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். பண்டாரம், "இறந்தவர் வயசு?" என்று கேட்டதும், எண்பதைத் தாண்டிய தாத்தா, "பதினேழு" என்றார். பிண்டம் வைத்த பிறகு ஒரு சொம்பு நிறைய தண்ணீர் எடுத்து வைத்தார். அது சடங்கில் இல்லாத ஒன்று. பண்டாரம் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா அதன் பிறகு மூன்று வருஷம் இருந்தார். நன்றாகத் தூங்கினார் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை, கொஞ்சம் தூங்கினார்.

அந்த அக்கா இப்போது வேறு தோட்டத்தில், நாற்றங்காலில் வேலை செய்கிறார். லோரியில் ஏறுவதில்லை, மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறான். கூட்டாளியின் மகளுக்குப் போன வருஷம் கல்யாணம். அந்த மாமியாரே நேரில் வந்து பத்திரிகை வைத்தாராம். போகவா வேண்டாமா என்று என்னிடம் போன் பண்ணிக் கேட்டார். போனார். பந்தியில் சோறு பரிமாறினார்.

மழைக்காலம் வருகிறது. அடுத்த இதழில் எலிக்காய்ச்சல் பற்றி எழுதுகிறேன். அதுவரை சப்பாத்து இல்லாமல் கான் தண்ணீரில் இறங்காதீர்கள்.